குடிகாட்டுக்கு முன்னால் ஒரு சோவியத் படம்

சிதம்பரத்திலிருந்து கடலூர் பஸ். பக்கத்து சீட்டில் ஒரு காலேஜ் பெண் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் மூன்று பேர் தண்ணீர் ஓரம் அசையாமல் படுத்தே கிடந்தார்கள்.

"ஏம்மா, போன் ஹேங் ஆயிடுச்சா?"

"இல்ல அங்கிள், படமே அப்படித்தான். பெரிய சோவியத் டைரக்டர். எடுத்ததே கொஞ்சப் படந்தான். அரசாங்கம் குடைச்சல் குடுத்து, கடைசில நாட்ட விட்டே போயிட்டாரு."

"டிக்கெட் வாங்குனவன் தொரத்தியிருப்பான்."

சிரித்தாள். அப்புறம் சொன்னாள்: "இத ஒரு கெமிக்கல் பேக்டரி பக்கத்துல எடுத்தாங்க அங்கிள். பின்னாடி அவரும் கூட வேலை பாத்த சிலரும் கேன்சர்ல செத்துட்டாங்க. அந்தத் தண்ணிதான் காரணம்னு ஒரு பேச்சு இருக்கு."

கெமிக்கல் பேக்டரிகள் சூழ்ந்த குடிகாடு நெருங்கியது. வழக்கம்போல பஸ்ஸில் எல்லோரும் ஜன்னலை இழுத்து மூடினார்கள். நானும் மூடினேன். மூடிவிட்டு அங்கேயே இறங்கினேன். என் மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் அது. அவளுக்கு இப்போது ஆறாம் மாதம்.

"என்னம்மா இப்படி வாடை அடிக்குது?" என்று வீட்டுக்குள் நுழைந்ததும் மகளிடம் கேட்டேன்.

"எந்த வாடைப்பா?" என்றாள்.

வளைகாப்பு முடிந்துதான் பெண்ணை அழைத்துப் போக வேண்டும் என்பது சம்பந்தியம்மா சட்டம். நாளைக்கே கூட்டி வர, அவர் மனம் நோகாத ஒரு பொய் வேண்டும். உங்களில் பொய்யில் கைதேர்ந்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வெட்கப்படாமல் கமெண்டுக்கு வாங்க.