பத்திரத்தில் ராகிக் கொல்லை

பத்திரம் எழுதும் தொழிலில் முதல் பாடம், வீட்டைப் பார்க்காமல் வீட்டைப் பற்றி எழுதக்கூடாது என்பது. வீடு வாங்கிவிட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பாடத்தைப் படிக்காத ஆளும் நானே என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

காதர் பாய்

காதர் பாயை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஓசூரில் அவருடைய பழைய இரும்புக் கடையில். தராசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். கெலவரப்பள்ளி அணைக்குப் போகும் வழியில் இருக்கிற என் வீடு அவரிடம் வாங்கியதுதான். முதலில் வாடகைக்கு இருந்தோம். என் மனைவி பத்மாவுக்கு அந்த வீடு பிடித்துப்போனதால் அதையே கிரயம் பேசி முடித்தோம். பத்திரத்தை நானே எழுதினேன்.

அன்றைக்கு அவர் ஒரு விஷயம் சொன்னார். நான் வாங்குவதற்கு முன்பே எங்கள் தெருவை அரசாங்கம் அளந்து நத்தம் என்று, அதாவது குடியிருக்கும் மனை என்று, வகைப்படுத்திப் புது சர்வே நம்பர் கொடுத்துவிட்டதாம். என் பத்திரத்தில் அது புஞ்சை, அதாவது பயிர் செய்யும் நிலம், என்று இருப்பதாக அவருக்கு ஞாபகம். நான் சிரித்துக்கொண்டே, "பாத்துக்கலாம் பாய், என்ன அவசரம்" என்றேன். ஊரில் பாதிப் பேருக்குப் பத்திரம் எழுதியவனுக்கு இரும்புக்கடைக்காரர் சொல்லித்தரவேண்டுமா என்ற எண்ணம். அடுத்த மாதம் மாரடைப்பில் போய்விட்டார். அன்று நான் கிளம்பும்போது அவர் கடைசியாகச் சொன்னது இதுதான்: "நம்பர் மாறியிருந்தா திருத்த என் கையெழுத்து வேணும் ரைட்டரே. நான் இருக்கறப்பவே வாங்கிக்க."

காலி மனை

இது நான் தொழிலுக்கு வந்த புதிதில் நடந்தது. மூக்கண்டப்பள்ளியில் ஒரு மனை. விற்பவரும் வாங்குபவரும் ஒரே கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பவர்கள். "காலி மனைதான் சார்" என்றார்கள். நம்பினேன். "காலி மனை" என்று எழுதினேன். பதிவு முடிந்து சில நாளில், இடத்தை நேரில் பார்க்க ஓர் அதிகாரி கிளம்பினார். துணைக்கு நானும் போனேன்.

காலி மனையில் இரண்டு அறையோடு சிமென்ட் ஷீட் போட்ட வீடு ஒன்று இருந்தது. கொடியில் கம்பெனி யூனிஃபார்ம் காய்ந்துகொண்டிருந்தது. வாங்கியவரின் மனைவிக்குப் பத்திர விவரம் எதுவும் தெரியாது. புது வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் என்று நினைத்து உட்காரச் சொன்னார். மறுக்க மறுக்க காப்பி வந்தது. அதிகாரி நிதானமாகக் குடித்து முடித்தார். வீட்டை மறைத்ததால் குறைந்துபோன முத்திரைத் தீர்வையைக் கட்டச் சொன்னதோடு விட்டுவிட்டார். கேட் வரைக்கும் வந்து, திரும்பிப் பார்த்து என்னிடம் சொன்னார்: "ரைட்டர், காலி மனையில காப்பி நல்லா இருந்துச்சு."

அன்றிலிருந்து எந்த வீடானாலும் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். என் வீட்டை மட்டும் போய்ப் பார்க்கவில்லை. குடியிருக்கிற வீட்டைப் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது?

காத்தா கேட்டவர்

சூளகிரியில் மனை வாங்க பெங்களூரிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பட்டாவைக் காட்டினேன். அங்கீகாரம் பெற்ற வரைபடத்தைக் காட்டினேன். எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு, "இது ஏ காத்தாவா, பி காத்தாவா?" என்றார். காத்தா என்பது அங்கே பெங்களூரில் மாநகராட்சி தரும் சொத்துக் கணக்கு. இங்கே அப்படி ஒன்று இல்லை என்றேன். முகம் வாடிவிட்டது. வெளியே போய் அப்பாவுக்குப் போன் போட்டார். பிறகு மாமாவுக்கு. பிறகு மாமாவின் நண்பருக்கு.

விற்பவர் வெங்கடப்பா தெலுங்குக்காரர். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷையிலும் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். மத்தியானம் ஆனது. கடைசியில் யாரோ போனில் சரி என்று சொல்ல, அந்தப் பையனுக்கு உயிர் வந்தது. கையெழுத்துப் போட்டபோது வெங்கடப்பா சொன்னார்: "பார்டர் செக்போஸ்ட் தாண்டும்போதே காத்தாவ அங்க எறக்கி விட்டுட்டு வந்திருக்கணும் சார்."

எழுதியவரைக் கூட்டி வாருங்கள்

பத்மா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து, வீட்டை மகள் சுதா பெயருக்கு எழுதிவைக்க நினைத்தேன். எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். பார்த்தால் பட்டாவே என் பெயருக்கு மாறியிருக்கவில்லை. மனு கொடுத்தேன், தள்ளுபடி ஆனது. மறுபடி கொடுத்தேன், மறுபடியும் தள்ளுபடி.

தாலுகா ஆபீஸில் ஒரு சர்வேயர் இருந்தார். சின்ன வயசு. வரைபடத்தை விரித்து விரலை வைத்தார். அளந்தபோது வீடுகள் இருந்த பகுதி நத்தமாகிப் புது சர்வே எண் வாங்கிவிட்டது. பழைய எண்ணில் மிஞ்சியது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ராகிக் கொல்லை மட்டும். நான் காதர் பாய்க்கு அந்த இடம் வந்த தாய்ப்பத்திரத்தைப் பார்த்து அப்படியே பழைய எண்ணை எழுதியிருந்தேன். பத்மா கீரை பறிக்கப் போவாளே, அந்தக் கொல்லையைத்தான் பத்திரப்படி நான் வாங்கியிருந்தேன். அதுவும் வேறொருவருடைய கொல்லை. அந்தப் பையன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான்: "யாருங்க பெரியவரே இத எழுதுனது? மொதல்ல அந்த ஆளக் கூட்டிட்டு வாங்க."

மூன்று கையெழுத்து

பிழைதிருத்தல் பத்திரம் போடவேண்டும். விற்றவர் இல்லை என்றால் அவருடைய வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டும். ஒருவர் மறுத்தாலும் அத்தோடு நின்றுவிடும். இப்போது அந்தப் பக்கம் மனை விலை எங்கேயோ போய்விட்டது. "எங்க அத்தா கொல்லையைத்தானே வித்தாரு, வீட்டை விக்கலையே" என்று அவர்கள் ஒரு வார்த்தை கேட்டால் பத்திரமும் அவர்கள் பக்கம்தான் பேசும். பல பேர் வீட்டு வாரிசுகள் அப்படிக் கேட்டதை என் மேசைக்கு எதிரேயே பார்த்திருக்கிறேன்.

இப்போது கடையைப் பார்த்துக்கொள்ளும் காதர் பாயின் மூத்த மகன் ரபீக்கிடம் போய், பாய் எச்சரித்ததையும் நான் தட்டிக்கழித்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். "தங்கச்சிகிட்ட கேக்கணும்" என்று மட்டும் சொன்னார். நான்கு நாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் பதிவு ஆபீஸ் வாசலில் பாயின் பிள்ளைகள் மூன்று பேரும் நின்றார்கள். மகள் ஷமீமா பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். "அத்தா எங்ககிட்டயும் சொல்லியிருந்தாரு மாமா. ரைட்டர் வருவாரு, வந்தா போட்டுக் குடுங்கன்னு. நீங்கதான் வரவே இல்ல" என்றாள். பேனாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள், ரேகை வைத்தார்கள். இளையவன் யூசுப் மட்டும் பத்திரத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். எனக்கு மறுபடி பயம் வந்துவிட்டது. அவன் நிமிர்ந்து கேட்டான்: "மாமா, இந்த வாட்டி நீங்க எழுதலையே?"

நான் எழுதவில்லை, பக்கத்து மேசைக்காரர் எழுதினார். பத்திரத்தில் வீடு நத்தமாகி, பட்டா என் பெயருக்கு மாறி, சுதாவுக்கும் எழுதிக்கொடுத்தாகிவிட்டது. பழைய பத்திரம் பெட்டியில் இருக்கிறது, தப்பான எண்ணுக்குக் கீழே காதர் பாயின் கையெழுத்தோடு.