கடல் தாண்டிப் போன கதிர்

அறுபதுகளின் தொடக்கம். வடமதுரைக்குக் கிழக்கே எனக்கு மூணு ஏக்கர் மானாவாரி. இருங்குச் சோளம்தான் போடுவேன். மழை ஏமாத்தினாலும் அது ஏமாத்தாது.

திண்டுக்கல் விவசாய ஆபீசில் ஒருத்தர் இருந்தார். என்னை அண்ணே என்பார், நான் தம்பி என்பேன். எங்க வீட்டில் ஒருத்தர் மாதிரி. ஒரு தை மாசம் வெள்ளைக்காரர் ஒருத்தரைக் களத்துக்குக் கூட்டி வந்தார்.

"அண்ணே, இவுக நாட்டு ஆராய்ச்சிக்காரகளும் நம்ம ஆளுகளும் சேர்ந்து வறட்சி தாங்குற சோளம் தேடுறாக. ரெண்டு நாட்டுக்கும் ஆகும்."

வெள்ளைக்காரர் வெயிலில் குந்தி ஒவ்வொரு கதிராய்த் தடவிப் பார்த்தார். "வெந்த கிழங்காட்டம் ஆயிட்டாரு, மோரு குடுங்க" என்றாள் என் வீட்டுக்காரி.

எங்க பக்கம் ஒரு வழக்கம். கொடுத்தவன் விதை கெட்டுப்போனால், வாங்கினவன் தன் மகசூலில் திருப்பித் தரணும். அதைச் சொன்னேன். தம்பி இங்கிலீசில் எடுத்துச் சொல்ல, வெள்ளைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டார். அதை நம்பி, விதைக்கென்று வைத்த நல்ல கதிர் பூராவும் கொடுத்தேன். கழித்துப் போட்ட சின்னக் கதிர் மட்டும் வைத்துக்கொண்டேன். அது என் தப்பு.

அடுத்த ரெண்டு வருசம் மழை இல்லை. என் விதை மண்ணிலேயே செத்தது. அக்கம்பக்கத்திலும் ஒரு மணி இல்லை. வெள்ளைக்காரருக்கு எழுதி விதையைத் திருப்பி வாங்கித் தரச் சொல்லி ஆபீசுக்கு நடையாய் நடந்தேன்.

"கடல் தாண்டிப் போனது அம்புட்டு லேசா வருமாண்ணே? அந்த ஆளு மறந்திருப்பாரு" என்பார் தம்பி. நானும் வெள்ளைக்காரரை மனசுக்குள் வைதேன்.

ஒரு நாள் தம்பி வெளியே போயிருந்தார். அலமாரி மேலே வெளிநாட்டு ஸ்டாம்பு ஒட்டின துணிப்பை. பியூனிடம் கேட்டேன்.

"அதுவா? வந்து ஒரு வருசம் ஆச்சு. உங்க சோளந்தான்."

பிரித்தேன். வண்டு அரித்து மாவாகக் கிடந்தது. தம்பி வந்தார், பார்த்தார்.

"வேலையில மறந்துட்டேண்ணே."

பையை எடுத்து வந்தேன். வீட்டுக்காரி முழுசாய் இருந்த மணிகளைப் பொறுக்கி ஈரத்துணியில் மூணு நாள் கட்டி வைத்தாள். ஒண்ணுகூட முளைக்கலை.

பையில் இருந்த விலாசத்துக்கு, எங்க ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாரை இங்கிலீசில் எழுதச் சொன்னேன். விதை கெட்டுப்போச்சு, இன்னும் ரெண்டு பிடி என் வீட்டுக்கே அனுப்புங்க என்று.

"ஆபீசர் செஞ்சதை எழுதவாய்யா?"

"வேணாம். நம்ம ஆளு. எனக்குத்தான் அசிங்கம்."

ஆடிக்கு முந்தியே விதை வந்தது. விளைந்தது. தையில் தம்பி வந்து நின்றார். வெள்ளைக்காரர் மறுபடி கதிர் கேட்கிறாராம், வாங்கிட்டுப் போக வந்தாராம்.

"அனுப்பிட்டேன் தம்பி" என்றேன். விதையோடு வந்த கடுதாசியிலேயே அவர் கேட்டிருந்தார். முந்தின நாளே நானே கட்டி, வடமதுரை தபாலாபீசில் போட்டிருந்தேன்.