கோணல் துண்டுகளும் வீங்கிய கையும்

எனக்குப் புற்றுநோய் வந்ததை முதலில் காட்டிக்கொடுத்தது என் ரவிக்கை. நான் கேட்கவில்லை.

நன்னிலத்தில் இருபது வருடமாகப் பெண்களுக்கான தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்கு நானே தைத்துக்கொண்ட ரவிக்கை ஒரு நாள் வலப்பக்கம் மட்டும் பிடித்தது. வேறு யாராக இருந்தாலும் பயந்துபோய் டாக்டரிடம் காட்டியிருப்பார்கள். நான் டைலர் ஆயிற்றே. வெட்டும்போது பிசகிவிட்டது என்று நினைத்து, தையலைப் பிரித்து, உள்மடிப்பிலிருந்து கால் அங்குலம் விட்டேன். இரண்டு மாதத்தில் மறுபடி பிடித்தது. மறுபடி பிரித்தேன். துணியில் குறை தேடிய அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இன்றும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்றாம் முறை பிரித்துவிட உள்ளே துணியில்லை. அப்போதுதான் கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. தஞ்சாவூரில் பயாப்ஸி (கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். மார்பகத்தையும் அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் (உடம்பின் நீரை வடிகட்டும் சிறு உருண்டைகள்) எடுத்தார்கள். பிறகு கீமோ (ரத்தத்தில் ஏற்றும் புற்றுநோய் மருந்து). முடி போனது, வாய் ருசி போனது. இதெல்லாம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். வந்தது, தாங்கிக்கொண்டேன்.

சொல்லாத ஒன்றும் வந்தது. குறுவை அறுப்புச் சமயத்தில் வலது கை வளையல் இறுகியது. உடம்பு தேறுகிறது என்று வயலிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார். நானும்தான். ஒரு மாதத்தில் வளையலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பெயர் லிம்பெடிமா (முடிச்சுகளை எடுத்த பக்கம் நீர் வடியாமல் தேங்கிக் கை வீங்குவது). ஆரம்பத்திலேயே வந்து காட்டியிருந்தால் கட்டுக்குள் வைத்திருக்கலாம் என்று பிசியோதெரபி செய்யும் பெண் சொன்னார். வளையல் இறுகினால் உடனே வா என்று ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்ல அந்த ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் நேரமில்லை.

அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடம், மறுபடி கத்தரி பிடிக்க முடியுமா என்று கேட்டேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே பேசினார்.

"உயிர் பொழைச்சதே பெரிசும்மா. கை கொஞ்சம் வீங்கினா என்ன, வீட்ல இருக்கவங்கதானே?"

"வீட்ல இருக்கவ இல்ல சார். இந்தக் கைய வச்சுத்தான் பொழைக்கிறேன்."

சரி சரி என்று அடுத்த சீட்டை எடுத்தார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவரிடம் சொல்லாமல் விட்ட பதில்களைக் கோபத்தோடு எனக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். கடையை மூடிவிடலாம் என்றார் வீட்டுக்காரர். பாசமாகத்தான் சொன்னார். அந்தப் பாசத்தின் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

கத்தரியின் வளையத்துக்குள் என் கட்டைவிரல் நுழையவில்லை. ஆனால் மிஷின் ஓட்டலாம், துணியைத் தள்ள இடது கை போதும். ஆகவே ஏற்கெனவே வெட்டிக் கிடந்ததைத் தேடினேன். கடை மூலையில் ஒரு மூட்டை நிறைய வெட்டுத்துணி இருந்தது. கழுத்து வெட்டிய அரைவட்டங்கள், கை பொருத்தும் இடத்தில் விழுந்த பிறைகள், கரை கிழித்த நாடாக்கள். அவற்றை இணைத்து ஒரு போர்வை தைக்கலாம் என்று தோன்றியது.

ஒட்டுப் போர்வைக்கு முதலில் அளந்து வெட்டிக்கொண்டு, பிறகு வரிசையாக இணைப்பார்கள். எனக்கு அந்த வழி அடைத்திருந்தது. நடுவில் ஒரு கோணல் துண்டை வைத்தேன். அதன் விளிம்பு போகிற போக்கிலேயே அடுத்ததைச் சேர்த்தேன். ஒவ்வொரு சேர்ப்புக்கும் இஸ்திரி போட்டு, சுற்றிச் சுற்றி வளர்த்தேன். ஒரு சாண் அகலம் வந்ததும் ஓரங்களை உள்ளே மடித்துச் சதுரமாக்கி, சதுரங்களை ஒன்றோடொன்று இணைத்தேன். அரக்குப் பட்டுக்குப் பக்கத்தில் வெளுத்த மஞ்சள் பருத்தி வந்து உட்கார்ந்தது. ஒரு சதுரம் போல இன்னொன்று வரவில்லை. இரண்டு பக்கமும் மயிரிழை பிசகக் கூடாது என்று வேலைக்கு வந்த பெண்களைப் படுத்தியவள் நான். எனக்கே ஒரு பக்கம் இல்லாமல் போன பிறகு அந்தச் சட்டத்தை யாருக்காகக் காப்பாற்றுவது? கோபம் அதிகமான நாட்களில் சதுரங்கள் நன்றாக வந்தன. நல்ல பொழுதுபோக்கு என்று சொன்னவர்களுக்கு நான் காப்பி கொடுக்கவில்லை.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது, ஏசி குளிருக்காக அந்தப் போர்வையை எடுத்துப் போயிருந்தேன். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு முதல்முறையாக என் முகத்தையும் பார்த்தார். வார்டு சுவரில் மாட்டக் கொடுங்கள், மற்ற நோயாளிகளுக்குத் தைரியமாக இருக்கும் என்றார்.

"தரமாட்டேன் சார். அந்தச் செவுத்துல கை வீக்கத்தப் பத்தி நாலு வரி எழுதி ஒட்டுங்க. அதுதான் அவங்களுக்குத் தைரியம்."

மூன்று மாதம் கழித்துப் போனேன். சுவர் காலியாகவே இருந்தது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அக்குளில் முடிச்சு எடுத்தவர்கள், கை லேசாகக் கனத்தாலும் அன்றே போய்க் காட்டுங்கள். டாக்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றாலும் பதில் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

என் கை இனிப் பழையபடி ஆகாது. காலை எட்டு மணிக்கு அழுத்த உறையை (வீக்கத்தை அடக்க, தோள்வரை இழுத்து மாட்டும் இறுக்கமான உறை) மாட்டினால் பதினோரு மணிவரை அது என் கை. அதன் பிறகு யாரோ கொடுத்துவிட்டுப் போன சுமை. முன்பெல்லாம் விளக்கு வைத்த பிறகும் எனக்குப் பகல் மிச்சமிருக்கும். இப்போது என் நாள் மூன்று மணி நேரம். அதற்குள் யார் வந்து கூப்பிட்டாலும் நான் மிஷினை விட்டு எழுந்திருப்பதில்லை.