ஊசியில் கட்டிய இறால்

எங்கள் வீட்டில் ஊசி காணாமற்போனால் தேட வேண்டிய இடம் ஒன்றுதான்: என் கணவரின் மேசை. நான் தையற்காரி, ஊசி என் பிழைப்பு. அவர் தச்சர். உளியையும் அரத்தையும் யாராவது தொட்டால் முகம் சுளிக்கும் அந்த மனிதர், என் ஊசியை மட்டும் கேட்காமலே எடுப்பார். எடுத்து, மெழுகுதிரி தடவி, சின்ன வைஸ் இடுக்கி ஒன்றில் பூட்டி, அதன்மேல் இறால் கட்டுவார்.

இறால் என்றால் பொய் இறால். அவர் மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர், போர்த்துக்கேய வழிவந்தவர். அவருடைய அப்பா மலைநாட்டுத் தோட்டமொன்றில் மெக்கானிக்காக இருந்தபோது துரைமாரிடம் பிடித்துக்கொண்டு வந்த பைத்தியம் இது. இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் கட்டி, அதைப் பூச்சி என்று மீனை நம்பவைக்க வேண்டும். எங்கள் வாவியில் பூச்சிக்கு மதிப்பில்லை. கொடுவா மீன் இறாலுக்குத்தான் வாய் திறக்கும். ஆகவே மகன் இறாலுக்கு மாறினார்.

நேரே முள்ளில் சுற்றிக் கட்டினால் அது விறைத்துப்போய் நிற்கும். அதனால் உடலைத் தனியாக ஊசியின்மேல் கட்ட வேண்டும். மெல்லிய ஸ்பொஞ்சுத் துண்டை ஊசியில் மடித்து வைத்து, நூலால் வரிவரியாக இறுக்கி, தேங்காய்த் தும்பில் மீசை வைத்து, நைலோன் நூலின் நுனியை நெருப்பில் காட்டிக் கண்ணாக உருட்டி, பசை காய்ந்ததும் மெல்ல உருவி எடுப்பார். மெழுகு தடவ மறந்தால் உருவ வராது, என் ஊசி அதோடு சரி. பிறகு அந்த உடலின் ஒரு முனையை மட்டும் முள்ளில் கட்டினால், மற்ற முனை தண்ணீரில் உயிருள்ளதுபோல ஆடும்.

நான் விரும்பிக் கட்டியவள் என்பதால் என் வீட்டார் வாயை மூடிக்கொண்டார்கள், அக்காவைத் தவிர. "வலை எறியத் தெரியாத மனிசன், கோழி இறகால மீனுக்குப் பகிடி விடுறார்" என்று தன் ஊரான குருக்கள்மடம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

கடல் பொங்கி ஊருக்குள் வந்த அன்று நான் அந்த அக்கா வீட்டில்தான் இருந்தேன். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, மறுநாள், கேக் கொடுக்கப் போயிருந்தேன். அவரும் அவருடைய தம்பியும் வாவி கடலில் விழும் முகத்துவாரத்துக்கு அருகே இடுப்பளவு நீரில் நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவரை ஒரு தென்னை மரம் தடுத்து வைத்தது. தம்பியை எதுவும் தடுக்கவில்லை. கடற்கரையோரம் இருந்த எங்கள் வீடும் போயிற்று.

அக்கா வீடு வாவிப் பக்கமாக இருந்ததால் தப்பியது. அதே வளவில் எங்களுக்கும் ஒரு அறை ஒதுக்கினாள். பகிடி விட்ட வாயால் ஒரு சொல் சொல்லவில்லை. அவர் புதிய வீடுகளுக்குக் கதவு செய்யப் போனார். நான் தைத்தேன். வாவி கூப்பிடு தூரத்தில் கிடந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. மழை வெள்ளம் முற்றத்தில் நின்றால்கூடக் கல்லுக்குக் கல் தாவித்தான் நடப்பார்.

பல மாதம் கழித்து ஒரு காலையில் என் ஊசி ஒன்றைக் காணவில்லை. எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. ஆனாலும் பழக்கத்தை விடக்கூடாது என்று, "எண்ட ஊசி எங்க? இந்த வீட்டில கள்ளன் இருக்கானா?" என்று கத்தினேன். அவர் மேசையில் குனிந்தபடியே கையை மட்டும் தூக்கிக் காட்டினார். நிவாரணப் பெட்டிக்குள் பொருள் உடையாமல் வைத்திருந்த ஸ்பொஞ்சை வெட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். கடற்கரையில் ஒற்றைச் செருப்புகள் கணக்கில்லாமல் கிடந்தன. அந்த ரப்பர் இதைவிட நல்லது. அவற்றை அவர் தொடவில்லை.

இறால்கள் ஜாம் போத்தலில் சேர்ந்தன. ஒன்று நிறைந்து இரண்டாவது போத்தலும் வந்தது. ஒன்றுகூட முள்ளுக்குப் போகவில்லை.

"இதுகளுக்கு எப்ப முள்ளு?" என்று கேட்டேன்.

"ஆமி விடாது கா. சண்டை முடியட்டும்." என்னை அவர் 'கா' என்றுதான் கூப்பிடுவார்.

அது பொய்யுமல்ல. கரையில் காவலரண் இருந்தது. அக்கரையான படுவான்கரை இயக்கத்தின் கையிலும் இக்கரை ஆமியின் கையிலுமாக இருந்த காலம் அது. பிறகு அதுவும் மாறியது, ஆனால் காவலரண் மாறவில்லை. ஊரில் எல்லோருக்கும் சண்டை தொல்லை. என் மனிசனுக்கு மட்டும் அது நல்ல சாட்டாகவும் இருந்தது. முள் இல்லாத இறாலுக்குத் தண்ணீர் தேவையில்லை. எனக்குச் சில நாள் ஆத்திரம் வரும், சில நாள் பயம் வரும். நான் கட்டிய மனிதர் முழங்கால் மட்டும் நனைந்த களிசானோடு பாடிக்கொண்டு வருகிறவர். அவர் இனி மேசையோடேயே இருந்துவிடுவாரோ என்பதுதான் பயம்.

சண்டை முடிந்தது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள். எங்கள் ஒழுங்கையில் யாரும் வெளியே வரவில்லை. சில மாதங்களில் வாவிக்கரைக் காவலரண் வெறுமையானது. அதற்குள் ஆடு படுத்தது. ஆட்கள் நினைத்த நேரத்தில் தோணி தள்ளினார்கள்.

"இப்ப என்ன சாட்டு?" என்றேன்.

"கச்சான் காத்து கா. நூல் எறிய ஏலா."

அந்த வெக்கைக் காற்று ஓய்ந்ததும், மழை வரட்டும் என்றார். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே குறைவு. அவர் வேலைக்குப் போன ஒரு பின்னேரம் போத்தலிலிருந்து ஒரு இறாலை எடுத்தேன். எங்கள் வீட்டு இடிபாட்டில் கிடைத்த அவருடைய பழைய தகரப் பேணியில் துருப்பிடிக்காத முள் ஒன்று கிடைத்தது. தலையை நூல் கட்டும் பக்கம் வைத்து, வால் பின்னால் ஆட, என் தையல் நூலால் கட்டி முடித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவருடைய தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

வந்தவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்ன கா இது? இறால் வெருண்டா முன்னுக்கா ஓடும்?"

"எனக்கென்ன தெரியும்? நான் பார்த்த இறாலெல்லாம் சட்டிக்குள்ள கிடந்தது."

அவர் சிரித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வெருண்ட இறால் வாலை அடித்துப் பின்பக்கமாகப் பாயுமாம். அதனால் வால்தான் முன்னுக்கு வர வேண்டும், தலையும் மீசையும் பின்னால். பிழையான வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தச்சனுக்கு முடியாது. தேத்தண்ணியை மறந்து இன்னொரு இறாலை எடுத்து முள்ளில் சரியாகக் கட்டினார். வாளித் தண்ணீரில் இழுத்துக் காட்டினார். "பார், இப்பிடி!"

"வாளிக்குள்ள நல்லாத்தான் ஓடுது. கொடுவா வாளிக்குள்ளயா கிடக்கு?"

மறுநாள் காலை, அந்தப் பேணியோடு கிடைத்த பழைய தூண்டில் தடியை எடுத்தார். நான் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். வேலியோரம் நின்ற அக்கா வாயைத் திறந்தாள். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

புல் முடிகிற இடத்தில் நின்றுவிட்டார். தண்ணீருக்கும் காலுக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கலாம். சரியான இறாலைத் தீப்பெட்டியில் வைத்து என்னிடம் தந்துவிட்டு, என்னுடையதை நூலில் கட்டினார்.

"போனாலும் நட்டமில்ல" என்றார்.

நூல் தலைக்கு மேலே முன்னும் பின்னும் போய்க் தண்ணீருக்குள் இறங்கி நின்ற கண்ணா மரத்து வேர்களின் ஓரம் விழுந்தது. தலைகீழான என் இறால் இரண்டு முழம்கூட ஓடியிருக்காது. தண்ணீர் வெடித்தது. கொடுவா ஒருமுறை மேலே வந்து, வேர்களுக்குள்ளே இழுத்துக்கொண்டு ஓடியது. வேரில் சுற்றினால் நூல் அறுந்துவிடும். அவர் தடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ஓடினார். முழங்கால் போயிற்று, தொடை போயிற்று, இடுப்பு போயிற்று.

பிறகு நூல் தளர்ந்தது. இழுத்துப் பார்த்தார். வெறும் முள். என் தையற்கட்டு அவிழ்ந்து, இறாலை மீன் கொண்டுபோய்விட்டது.

"உன்ட கட்டு..." என்று திரும்பியவர் குனிந்து பார்த்தார். தான் எங்கே நிற்கிறார் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. நான் அழத் தொடங்கிவிட்டேன்.

"தண்ணி இளஞ்சூடாக் கிடக்கு கா" என்றார்.

"வாங்க, வெளிய வாங்க."

"வந்தா திரும்ப இறங்க மாட்டன். நீ மற்றதைக் கொண்டு வா."

எனக்கு நீந்தத் தெரியாது. புதுச் சீலை வேறு. குடையை மடக்கிப் புல்லில் போட்டுவிட்டு, தீப்பெட்டியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு இறங்கினேன்.