2:44, ஐந்தாம் கட்டில்

இது யாரும் கதை கட்டிச் சொன்னது இல்லை. ராவியாவுக்கு நடந்தது. அந்த ராத்திரி முடிந்த காலை ஏழு மணிக்கு, பகல் பணிக்கு வந்து, அவளிடமிருந்து மருந்து அலமாரியின் சாவியை வாங்கியவள் நான்தான். சாவி ஈரமாக இருந்தது. அவள் கை அப்படி வியர்த்திருந்தது... ஜனவரிக் குளிரில்.

அலெக்ஸாண்டிரியாவில் கடலைப் பார்த்த முதியோர் இல்லம் எங்களுடையது. மூன்றாவது மாடியில் பெண்கள் அறை. ஐந்து கட்டில்கள். ஐந்து பேருக்கும் தூக்கம் கிடையாது. பகலெல்லாம் நாற்காலியில் தலை தொங்கும். பருப்பு சூப் கிண்ணத்தில் மூக்கு முட்டும். ராத்திரியானால் கொட்டக் கொட்ட விழித்திருப்பார்கள். ஐந்தாம் கட்டில் இக்பால் அம்மா தள்ளாடி இரண்டு முறை குளியலறையில் விழுந்துவிட்டார்.

நவம்பரிலிருந்துதான் இப்படி. ராவியா இரவு நர்ஸாக வந்ததும் நவம்பரில்தான். அப்போது யாரும் அதை யோசிக்கவில்லை.

டாக்டர் மம்தூஹ் அவளிடம் ஒரு தாளைக் கொடுத்தார். யார் எப்போது தூங்குகிறார்கள், எப்போது விழிக்கிறார்கள் என்று நிமிஷம் பிசகாமல் எழுத வேண்டும்.

தாளோடு முதல் ராத்திரி. கதவோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

2:40. முதல் கட்டிலில் ஹாஜியம்மா நஸ்லா எழுந்து உட்கார்ந்தார். இருட்டைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். “நான் இல்ல.” படுத்துக்கொண்டார்.

2:41. இரண்டாம் கட்டில். “நான் இல்ல.”

2:42. மூன்றாம் கட்டில். 2:43. நான்காம் கட்டில். அதே வார்த்தை. யாரோ வரிசையாகக் கேட்டுக்கொண்டே போவதுபோல.

2:44. இக்பால் அம்மா. பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவர். குரலில் அதட்டல் போகவில்லை. “நான் இல்லன்னு எத்தனை தடவ சொல்றது?” பிறகு ராவியாவின் நாற்காலிப் பக்கம் ஒரு பார்வை. “அங்க ஆளே இல்ல. போ.”

காலையில் தாளைப் பார்த்து டாக்டர் சிரித்தார். “ஒருத்தர் தூக்கத்துல பேசினா பக்கத்துல இருக்கறவங்க முழிச்சுக்கறாங்க. அவ்வளவுதான்.” விழுகிறவர் இக்பால் அம்மா என்பதால் அவருக்கு முதலில் தூக்க மாத்திரை எழுதினார்.

அன்று ராத்திரி ஒன்பது மணி.

“வேணாம்” என்றார் இக்பால் அம்மா.

“தூங்கினா நல்லதுதானேம்மா?”

“நான் தூங்கிட்டா யாரு பதில் சொல்றது?”

“யாருக்கு?”

அவர் ராவியாவின் கன்னத்தைத் தொட்டார். “உனக்குத் தெரிய வேணாம் பொண்ணு. தெரிஞ்சா நீ திரும்பிப் பாப்ப.”

“முழுங்கிடுங்கம்மா. இல்லேன்னா டாக்டர்கிட்ட நான்தான் திட்டு வாங்கணும்.”

“உனக்காகத்தான்” என்று சொல்லி விழுங்கினார்.

வெளியே கடல் காற்று ஜன்னலை உலுக்கிக்கொண்டிருந்தது. 2:40க்கு நின்றது.

“நான் இல்ல.”

“நான் இல்ல.”

“நான் இல்ல.”

2:43. “நான் இல்ல.”

2:44...

ஐந்தாம் கட்டிலில் குறட்டை மட்டும்.

கிறீச்... கட்டில் ஓரம் அமுங்கியது. யாரோ உட்கார்ந்த மாதிரி.

ராவியா சுவரில் விளக்குச் சுவிட்சைத் தடவினாள்.

2:45. மற்ற நான்கு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார்கள். “அவ இல்ல... அவ இல்ல... அவ இல்ல...”

குறட்டை நின்றது.

விளக்கைப் போட்டாள். இக்பால் அம்மாவின் கண் திறந்திருந்தது. இருபது நிமிஷம் நெஞ்சை அழுத்தினாள். பயனில்லை. வயது எண்பத்து நான்கு. இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதினார்.

மறுநாள் ராத்திரி... மற்ற நால்வரும் விடியும்வரை அசையாமல் தூங்கினார்கள்.

மூன்றாம் நாள் ராவியா கேட்டேவிட்டாள். ஹாஜியம்மா நஸ்லா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

“ராத்திரி உங்ககிட்ட என்ன கேக்கும், ஹாஜியம்மா?”

“ஒண்ணேதான் கேக்கும். ‘பஹிகா மக ராவியா நீதானா?’ நாங்க இல்லன்னுடுவோம். இக்பால் வாயத் தொறக்கல. மௌனம் சம்மதம்னு எடுத்துக்கிச்சு போல.”

கேட்டது அவள் பெயரைத்தான். ஆனாலும் ஒரு நிம்மதி. அவள் அம்மா பெயர் சுவாத். இது வேறு யாரோ ராவியா.

அன்று மாலை தன்தா ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தாள். பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். “பஹிகான்னு நமக்கு யாராவது உண்டாம்மா?”





அம்மா அழுதுகொண்டே கேட்டாள்...

“உன்னப் பெத்துப் போட்டுட்டுச் செத்தவ பேர உனக்கு யாருடி சொன்னது?”