லாத்தா சொல்லி மிதித்த கிளட்ச்

நானும் என் கணவரும் பேசிக்கொள்ளாமல் இருந்த நாட்களில்தான் எங்கள் காருக்குக் கிளட்ச் பொருத்தும் வேலை வந்தது. ஊமையாக இருந்துகொண்டு செய்யக்கூடிய வேலை இல்லை அது.

கார் என் அப்பாவுடையது. பழைய பிரெஞ்சு வண்டி, ஆட்டோமேட்டிக். பிரேக், ஆக்ஸிலேட்டர் என்று இரண்டே பெடல். இடது காலுக்கு வேலையே கிடையாது. எனக்கு ஓட்டத் தெரிந்த ஒரே வண்டி அதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் தருமபுரத்திலிருந்து கடற்கரைக்குத் தனியாக ஓட்டிப் போய் வருவேன். வாரத்தில் யாரும் என்னிடம் எதுவும் கேட்காத நேரம் அது ஒன்றுதான். பூவத்தில் ஒரு விசேஷத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் கியர்பாக்ஸ் உயிரை விட்டது. அதற்குச் சாமான் எங்கேயும் கிடைக்கவில்லை. என் கணவர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல், கையால் கியர் போடும் பாக்ஸை மாட்டச் சொல்லிவிட்டார். கூடவே ஹைட்ராலிக் கிளட்ச், மூன்றாவதாக ஒரு பெடல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேச்சை நிறுத்தினேன். ரோஷத்தில் அவரும் நிறுத்தினார்.

எங்களுக்குள் சண்டை என்றால் பக்கத்து வீட்டு லாத்தா வழியாகத்தான் பேசிக்கொள்வோம். அந்த அக்காவைத் தெருவே லாத்தா என்றுதான் கூப்பிடும். அவர் கணவர் துபாயில் இருக்கிறார். சண்டை போட வீட்டில் ஆளில்லாத குறையை எங்கள் சண்டையில் தீர்த்துக்கொள்வார்.

மெக்கானிக் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, ஏர் எடுப்பதை மட்டும் பாக்கி வைத்துக் காய்ச்சலில் படுத்துவிட்டார். போனில் கேட்டதற்கு, ரெண்டு பேர் இருந்தால் போதும் என்றார். இந்தக் கிளட்ச் எண்ணெயில் வேலை செய்வது. குழாயில் காற்று இருந்தால் பெடல் தொளதொளவென்று கீழே போய்விடும், கியர் விழாது. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்கவேண்டும். அடியில் படுத்திருப்பவர் குழாய் முனையில் உள்ள நிப்பிளைத் திறந்து காற்றை வெளியே விட்டு மூடவேண்டும். மூடுவதற்கு முன் காலை எடுத்தால் போன காற்று திரும்பி வந்துவிடும்.

என் கணவர் ஜாக்கி வைத்து அடியில் படுத்தார். நான் சீட்டில் உட்கார்ந்தேன். லாத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதவருகே நின்றார்.

"மிதிக்கச் சொல்லுங்க லாத்தா," என்றது அடியிலிருந்து குரல்.

"தங்கச்சி, தம்பி மிதிக்கச் சொல்றாரு. மனசுல ஒண்ணும் வச்சுக்காம மிதிம்மா. அவரைப் பாத்தாலும் பாவமாத்தான் இருக்கு."

அதற்குள் அவர் நிப்பிளைத் திறந்திருந்தார். நான் மிதித்தேன். எண்ணெய் பீய்ச்சிக்கொண்டு அவர் முகத்தில் அடித்தது.

"மூடிட்டேன். இப்ப விடச் சொல்லுங்க."

"மூடிட்டாராம். மெதுவா விடும்மா, அவசரமே இல்ல. கால் வலிக்குதா?"

மூன்று பேருக்கும் எல்லாமே கேட்டது. ஆனாலும் லாத்தா வாயால் வராத எதுவும் என் காதில் விழுந்ததாகக் கணக்கில்லை. நடுவில் குக்கர் விசில் அடித்தது என்று லாத்தா தன் வீட்டுக்குள் போய்விட்டார். நான் பெடலை மிதித்தபடியும், என் கணவர் ஸ்பேனரைப் பிடித்தபடியும் அவர் வரும்வரை சும்மா இருந்தோம்.

இப்படியே மிதித்து விட்டு, மிதித்து விட்டு, பெடல் லேசாகக் கெட்டிப்படத் தொடங்கியது. அப்போது அவர் அடியிலிருந்து, "இனிமே அவ ஓட்டிக் கஷ்டப்பட வேணாம்னு சொல்லுங்க லாத்தா. பீச்சுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்," என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் என்னை அறுத்தது. லாத்தா என்னைப் பார்த்தார். அன்றைக்கு அவர் எடுத்துச் சொல்லாத ஒரே சேதி அதுதான். குலுங்கி அழுதால் கால் நழுவிக் காற்று உள்ளே போய்விடும் என்பதால் அழவில்லை.

வேலை முடிந்தது. அவர் வெளியே வந்து ஜாக்கியை இறக்கி, கைலியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இறங்கச் சொல்லுங்க," என்றார்.

லாத்தா வாயைத் திறப்பதற்குள் நான் சாவியைத் திருகினேன். கிளட்சை அழுத்தி முதல் கியரைத் தள்ளினேன். விழுந்தது. இவ்வளவு நேரம் மெதுவாக விட்டுப் பழகிய காலை அதேபோல மெதுவாக விட்டேன். வண்டி உதறிக்கொண்டே கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கியது.

"நிறுத்தச் சொல்லுங்க லாத்தா," என்றபடி அவர் பின்னால் ஓடிவந்தார்.

"தங்கச்சி, நிறுத்தச் சொல்றாரு..." லாத்தாவும் ஓடினார். கொஞ்ச தூரத்தில் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார். "எனக்கு மூச்சு வாங்குது தம்பி. நீங்களே சொல்லிக்குங்க."

தெருமுனையில் வண்டி தானாகவே நின்றது. அவர் வந்து அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"இரு, நானும் வர்றேன்," என்றார் என்னிடமே.

"வேணாங்க. நான் தனியாத்தான் போவேன்," என்றேன் அவரிடமே.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர், அதை மூடினார். நான் மறுபடி ஸ்டார்ட் செய்து காலை விட்டேன். நாலு வீடு தள்ளி வண்டி மறுபடியும் நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். அவர் ஓர் அடி முன்னால் வைத்தார். பிறகு அந்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டு, அங்கேயே நின்றார்.