உப்புக்காற்றும் என் கணினியும்

பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் சுழன்றன. திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. "வந்துட்டு, வந்துட்டு!" என்று கதிரையை விட்டு எழும்பிக் கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் விசிறி, விளக்கு, திரை எல்லாம் ஒரேயடியாக அணைந்தன.

"போயிட்டு," என்றாள் ராத்தா.

ராத்தா என் அக்கா. கலியாணம் முடித்து, மச்சானோடு அடுத்த வளவு வீட்டில் இருக்கிறாள். எங்கள் வீட்டில் சத்தம் கேட்டால் அடுப்பைத் தணித்துவிட்டு வேலியால் வந்துவிடுவாள். அன்று காலையிலிருந்தே எங்கள் வீட்டில்தான் நின்றாள்.

"இஞ்சினியர் நோனா, இது எத்தினையாவது மௌத்து?" என்று கணினியின் சாவுகளை எண்ணச் சொன்னாள்.

"கதைக்காம இரி ராத்தா."

எனக்குச் சிரிப்பு வந்தது; சிரிக்கத்தான் நேரமில்லை. அன்று மாலை அசர் தொழுகைக்குப் பிறகு எனக்கு இணையவழிப் பரீட்சை. கட்டட வரைபடங்களைக் கணினியில் கீறும் வேலைக்குக் கொழும்பு நிறுவனம் ஒன்று ஆள் தேடியது. வீட்டிலிருந்தே செய்யலாம். பரீட்சையை ஒரே இருப்பில் எழுதி முடிக்க வேண்டும்; இடையில் கணினி அணைந்தால் அத்தோடு சரி, இரண்டாம் தடவை இல்லை. நேர்முகத்தில், சொந்தக் கணினி இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். "இருக்கு. நானே பொருத்தினது," என்று நிமிர்ந்து சொன்னேன். அப்போது பாதிச் சாமான் வீட்டுக்கே வந்து சேரவில்லை.

ஆனாலும் அது பொய்யாகாது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் உயர்தரம் வரை படித்தவள் நான்தான். தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு இந்தக் கரைக்கு வந்த வருஷத்தோடு உம்மாவின் பள்ளிக்கூடம் நின்றுபோனது. வாப்பா சின்ன வயதிலேயே களப்பில் வலை இழுக்கப் போனவர். வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும், மருந்துப் போத்தலில் ஒட்டிய துண்டைக்கூட, நான்தான் வாசித்துச் சொல்வேன். மூன்று மொழியில் இருந்தாலும் சமாளிப்பேன். அந்தத் துணிவில்தான் மதர்போர்ட், பிராசசர், கூலர் என்று ஒவ்வொன்றாகப் புத்தளத்தில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஏதோ அரசாங்கக் கந்தோரில் கழித்துவிட்ட பழைய கணினியின் இரும்புப் பெட்டிக்குள் அவற்றைப் பொருத்தினேன். முதல் தடவை விசிறி சுழன்றபோது எனக்கு வந்த சந்தோஷத்தை, வலை நிறைய மீன் கண்டவர்களுக்குத்தான் சொல்லி விளங்கப்படுத்தலாம்.

சுழன்றது உண்மை. நிலைத்து நிற்கத்தான் மறுத்தது.

முதலில் பொத்தானைச் சந்தேகித்தேன். பழைய பெட்டி, துருப்பிடித்த பொத்தான்; அழுத்தினால் உள்ளேயே சிக்கி நிற்கலாம். அப்படி நின்றால் கணினி தானாக அணையும். பொத்தானின் வயரைக் கழற்றி எறிந்துவிட்டு, மதர்போர்டில் அது செருகியிருந்த இரண்டு கம்பிகளையும் திருகாணிச் சாவியின் நுனியால் ஒரு கணம் தொட்டேன். கணினி உயிர்த்தது.

"பொத்தான் இல்லாமலே போட்டுட்டாள்!" என்று ராத்தா வாயில் கை வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அணைந்தது.

கடலால் வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்த வாப்பா எட்டிப் பார்த்தார். "கரண்ட் சரியில்ல மகள். நம்மட லைனுக்குச் சத்துக் காணாது."

அதுவும் இருக்கலாம். ராத்தா வீட்டுக்கு வேறு லைன். அங்கிருந்து நீள வயரை வேலிக்கு மேலால் இழுத்தோம். அந்தக் கரண்டிலும் அணைந்தது. ரெம் என்ற நினைவக அட்டைகள் இரண்டையும் மாறி மாறிச் செருகிப் பார்த்தேன். அணைந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு குற்றவாளி விடுதலையாகிப் போனான். மிச்சம் இருப்பவர்கள் குறையக் குறைய எனக்கு உற்சாகம் ஏறியது. பரீட்சை மட்டும் இல்லாவிட்டால் அந்த நாளை நான் கொண்டாடியிருப்பேன்.

அப்போது முதுகுக்குப் பின்னால் உம்மாவின் முணுமுணுப்புக் கேட்டது. திரும்பினேன். திறந்து கிடந்த பெட்டிக்கு மேலே, ஒரு கை நிறைய உப்பும் செத்தல் மிளகாயும் வட்டமிட்டுக்கொண்டிருந்தன.

"உம்மா! உப்பு! தள்ளிப் போங்க!"

"கண்ணூறுடி புள்ள. ஊரெல்லாம் செல்லித் திரிஞ்சா படாதா?"

"செல்லித் திரிஞ்சது நீங்கதானே! ஒரு கல் உள்ளுக்கு விழுந்தா எல்லாம் முடிஞ்சிரும்."

"உப்புக்குப் பயந்தவள் இந்த ஊரில எப்படி இருக்கிற?" என்று முறைத்த உம்மா, அந்தக் கைப்பிடி உப்பையும் மிளகாயையும் எனது தலையைச் சுற்றி எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் போனார். மிளகாய் வெடித்தது, நெடி வரவில்லை. அதனால் உம்மாவுக்குக் கண்ணூறு உறுதியாகிவிட்டது.

லுஹர் தொழுதோம், சோறு தின்றோம். வந்து மறுபடி போட்டபோது ஒரு புதுமை நடந்தது. இந்தத் தடவை நீண்ட நேரம் அணையாமல் நின்றது. அணைந்ததும் உடனே போட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் அணைந்தது.

"இளைப்பாறினா நிக்குது! உடனே போட்டா நிக்கிதில்ல!" என்று துள்ளினேன். "சூடு ராத்தா, சூடுதான்!"

பிராசசர் அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும் என்று வாசித்திருந்தேன். அதன் தலையில் குந்தியிருக்கும் அலுமினியக் கட்டிதான் கூலர். அது சூட்டை உறிஞ்சும், விசிறி ஊதித் தள்ளும். வயரைக் கழற்றிவிட்டு அந்தக் கட்டியைத் தொட்டேன்.

ஐஸ் மாதிரி இருந்தது. அப்படியானால் சூடும் குற்றவாளி இல்லை.

அத்தனை துள்ளலும் அடங்கிப்போனது. நின்றபடியே முழுப் பெட்டியையும் பார்த்தேன். சந்தேகிக்க ஒன்றும் மிச்சமில்லை.

"மச்சானுக்குச் செல்லவா? புத்தளத்தில ஆர்ட்டயும் லெப்டொப் ஒண்டு வாங்கிட்டு வருவார்," என்றாள் ராத்தா. அந்தத் தடவை அவள் குரலில் கிண்டல் இல்லை. அதுதான் என்னை இன்னும் சுட்டது. நானே பொருத்தினது என்று சொல்லிவிட்டு இரவல் லெப்டொப்பின் முன்னால் போய் இருப்பதா?

"கொஞ்சம் பொறு."

பொறுப்பது ராத்தாவுக்கு வராது. அவள் விரல் எதையாவது நோண்ட வேண்டும். திரையின் மூலையில் ஒட்டியிருந்த பொலித்தீனை நகத்தால் கிளப்பத் தொடங்கினாள்.

அடுப்படிக் குசினியிலிருந்து உம்மா பாய்ந்து வந்தார். "கழட்டாத! கழட்டாதடி அத!"

"உம்மா, இதோட பாத்தா ஒண்டும் வெளங்குதில்லயே."

"உப்புக் காத்து திண்டுபோட்டுரும். பொலித்தீன் இருந்தாத்தான் உள்ளுக்கு ஒண்டும் போகாது, வெளிய ஒண்டும் வராது!"

எங்கள் கரையில் எல்லா வீட்டிலும் இதுதான் சட்டம். புதிதாக வந்த எந்தப் பொருளின் மேலுறையையும் கழற்ற மாட்டோம். டிவி ரிமோட் பொலித்தீனுக்குள் இருக்கும். பிரிட்ஜின் கைப்பிடி, மணிக்கூட்டின் முகம், ராத்தாவின் சீதன அலுமாரிக் கண்ணாடி எல்லாம் உறையோடுதான் கிழடாகும். உப்புக்காற்று இரும்பைத் தின்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உறையைக் கழற்றக் கையே போகாது. எனக்கும் போகவில்லை.

வெளிய ஒண்டும் வராது.

வாங்கும்போதே கூலரின் அடிப்பக்கத்தில் மெல்லிய பொலித்தீன் ஒன்று ஒட்டியிருந்தது. அதில் சீன எழுத்து. இந்த வீட்டின் எழுத்தெல்லாம் வாசிக்கும் எனக்கு அது மட்டும் தெரியாது. புதுச் சாமான், பளபளவென்று இருக்கிறது, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று விரலால் தடவி இன்னும் நன்றாக ஒட்டிவிட்டுத்தான் பொருத்தியிருந்தேன்! கீழே பிராசசர் வெந்துகொண்டிருக்க, சூடு மேலே ஏறாமல் கட்டி குளிர்ந்து கிடந்திருக்கிறது. அது குளிர்ந்து கிடந்ததே அத்தாட்சி.

"உம்மா!" என்று கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தேன். அவருக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை.

திருகாணிகளைக் கழற்றிக் கூலரைத் தூக்கினேன். பொலித்தீன் அங்கேயே இருந்தது, சூட்டைக் கடத்த நான் பூசிய களிம்பு அப்பி, சுருங்கி. நுனியைப் பிடித்து உரித்தேன். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இனிக்கிறது. ராத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அதுக்கும் பொலித்தீன் போட்டா வெச்ச? உம்மாட மகள்தான் நீ!"

பழைய களிம்பைத் துடைத்து, மிச்சமிருந்ததைப் பூசி, மறுபடி இறுக்கினேன். வாப்பாவும் வந்து நின்றார். பள்ளிவாசலில் அசருக்குப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது.

"பிஸ்மி செல்லிப் போடு மகள்," என்றார்.

திருகாணிச் சாவியால் தொட்டேன். விசிறி சுழன்றது. எழுத்து ஓடியது. படம் வந்தது. ராத்தா என் தோளைப் பிடித்தாள். படம் அணையாமல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. கட்டியின் ஓரத்தை விரலால் தொட்டேன்.

"சூடு!" என்று கூவினேன். "வாப்பா, சுடுது!"

"சுட்டா நல்லமா?" என்று கேட்டார் பாவம்.

"இதுக்கு நல்லம் வாப்பா!"

அவசரமாகத் தொழுதுவிட்டுப் பரீட்சைக்கு இருந்தேன். ஒரு மாடி வீட்டைக் கீறச் சொன்னார்கள். இடையில் பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரிப் பாண் விற்கும் ஆட்டோ ஒழுங்கைக்குள் திரும்பியது. உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓடி, "பாட்ட நிப்பாட்டு தம்பி, உள்ளுக்குச் சோதினை நடக்குது!" என்று அதட்டியது கேட்டது. கதவு, ஜன்னல், படிக்கட்டு என்று என் விரல்கள் பறந்தன. கணினி ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. கடைசிக் கோட்டைக் கீறி அனுப்பியதும் 'கிடைத்தது' என்று பதில் வந்தது.

முடிவு வர இன்னும் நாளிருந்தது. நான் கணினியை அணைக்கவில்லை. பொழுது பட்டு மஃரிப் தொழுகையும் முடிந்தது, திரை ஒளிர்ந்துகொண்டே இருந்தது. நான் கதிரையில் கால் தூக்கி வைத்துக்கொண்டு, அது நிற்கும் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேலை முடிஞ்சா நூத்துப் போடேன்டி," என்று அணைக்கச் சொன்னார் உம்மா. "கரண்ட் பில் ஆரு கட்டுற?"

"நான்தான் உம்மா," என்றேன்.